வாலை ஆட்டிக்கிட்டே உறுமுறான், என்ன அர்த்தம்?

கருப்பன் அம்மா:
எங்க சிப்பிப்பாறை நாய் கருப்பனுக்கு ரெண்டு வயசு. என் சின்னப் பையன் கழுத்தைக் கட்டிப்பிடிச்சா பேசாம நிப்பான். நேத்து வாலை ஆட்டிக்கிட்டே உறுமிட்டான். அத்தை கம்பை எடுத்துட்டாங்க, இப்பவே அடக்கணுமாம். சும்மா இருக்கும்போதும் வால் தொங்கியேதான் கிடக்கு. பயமா, கோபமா?

கோவில்பட்டி கணேசன்:
கம்பு வேண்டாம் தங்கச்சி. உறுமல்தான் அவன் குடுக்குற எச்சரிக்கை. அதுக்கு அடி விழுந்தா, அடுத்த தடவை உறுமாமலே கடிச்சிருவான்.

வால் தொங்குறதை விடுங்க. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்க்கெல்லாம் வால் தாழ்ந்துதான் இருக்கும். வயித்தோட ஒட்டினாத்தான் பயம். ஆட்டுறதுலயும் வித்தியாசம் இருக்கு. இடுப்பும் சேர்ந்து தளர்வா ஆடினா சந்தோஷம். உடம்பு விறைச்சுப்போய் வால் மட்டும் வெடுக்குவெடுக்குன்னு ஆடினா யாரும் கிட்டப் போகக்கூடாது.

பேசாம நிக்கிறான்னு சொல்றீங்களே, அங்கதான் எனக்கு உறுத்துது. கழுத்தைச் சுத்திக் கை போட்டா நிறைய நாய்க்குப் பிடிக்காது. முகத்தைத் திருப்பும், வெறும் வாய நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், கண்ணோரம் வெள்ளை பிறை மாதிரி தெரியும். பழைய வீடியோ இருந்தா மெதுவா ஓடவிட்டுப் பாருங்க. சோதிக்கிறேன்னு மறுபடி கட்டிப்பிடிக்க மட்டும் விடாதீங்க.

ராஜி:
இத்தனை நாள் பொறுத்தவன் திடீர்னு உறுமினா வலியும் இருக்கலாம். காது, பல், உண்ணி எல்லாம் டாக்டர்கிட்ட காட்டுங்க. வால் விஷயத்துல இன்னொண்ணு. இத்தாலியில பாரி பல்கலைக்கழகத்துக்காரங்க 2007ல வெளியிட்ட ஆய்வுல, எஜமானரைப் பார்த்த நாய்ங்க வலப்பக்கம் அதிகமா ஆட்டுச்சு, மிரட்டுற புது நாயைப் பார்த்தப்ப இடப்பக்கம். வெறும் கண்ணுல அது பிடிபடுறது கஷ்டம், கணேசண்ணன் சொன்னதையே பாருங்க.

கருப்பன் அம்மா:
பொறந்தநாள் வீடியோ பார்த்தேன். பையன் கட்டிப்பிடிச்சிருக்கிற நேரம் முழுக்க முகத்தைத் திருப்பி வாயை நக்கிக்கிட்டே இருக்கான். நாங்க எல்லாம் சிரிச்சிட்டிருக்கோம். இடது காதைத் தொட்டாலும் தலையை இழுத்துக்கிறான். நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். பையனுக்கு என்ன சொல்லிக் குடுக்க?

கோவில்பட்டி கணேசன்:
கருப்பனா வந்தாத்தான் தொடணும். நெஞ்சுல கொஞ்சம் சொறிஞ்சுட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்க. மறுபடி சாய்ஞ்சு வந்தா தொடரலாம், விலகினா விட்டுரணும். சாப்பிடும்போது, தூங்கும்போது கிட்டவே போகக்கூடாது. அஞ்சாறு வயசுப் பிள்ளைன்னா பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். பல் லேசா பட்டு கீறல் விழுந்தாக்கூட, ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, ஊசிக்கு ஆஸ்பத்திரி போயிருங்க.