மறு: ‘ஃபர்ஸ்ட் கிராக்’: முதல் விரிசலா, முதற்பொரிவா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

காபி வறுக்கும்போது கொட்டையிலிருந்து முதலில் எழும் சத்தமான ‘ஃபர்ஸ்ட் கிராக்’ என்பதற்குத் தமிழில் ‘முதல் விரிசல்’ என்று போன வாரம் இங்கே முடிவு செய்திருந்தோம். சரி என்று நானும் எழுதியிருந்தேன். அதை இப்போது திரும்பப் பெறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தத்தை நேரிலேயே கேட்டுவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன காபிக் கடை. ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து பச்சைக் கொட்டை வரவழைத்து, கடையிலேயே வறுத்து அரைத்துத் தருகிறார்கள். வறுக்கும் இளைஞர் என்னை எந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கவிட்டார். முதல் சில நிமிடங்கள் ஈர வைக்கோல் வாசம். பச்சை நிறம் போய்க் கொட்டை மஞ்சளானது, பிறகு பேக்கரி வாசலில் நிற்பது போல ரொட்டி மணம். எந்திரத்தின் முகப்பில் செருகியிருந்த கரண்டியை அவர் அடிக்கடி உருவி, நாலு கொட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது நிமிடம் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். சற்று இடைவெளி. இன்னொன்று. அப்புறம் சட்டி முழுக்க நெல் பொரிவது போல ‘பட பட’வென்று பிடித்துக்கொண்டது. திரையில் 197 டிகிரி.

பின்னால் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலேயே சொன்னார்: “பொரிய ஆரம்பிச்சிருச்சு தம்பி, தட்டை எடுத்து வை.”

நாம் ஒரு வாரமாகத் தேடிய சொல்லை அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டார். எனவே என் பரிந்துரை: முதற்பொரிவு. இதற்கு வரக்கூடிய இரண்டு மறுப்புகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

> பொரி என்றால் அப்பளம் பொரிப்பதுதானே நினைவுக்கு வரும்? எண்ணெய் இல்லாத இடத்தில் எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி. ஆனால் பொரிப்பது வேறு, பொரிவது வேறு. பிரித்தல் – பிரிப்பு, பிரிதல் – பிரிவு என்பதைப் போல, பொரித்தல் – பொரிப்பு, பொரிதல் – பொரிவு. அப்பளத்தை நாம் பொரிக்கிறோம், நெல்லோ சூட்டில் தானாகப் பொரிகிறது. கார்த்திகைக்கு உருண்டை பிடிக்கும் நெற்பொரியில் எண்ணெய் எங்கே இருக்கிறது? ‘பொரிப்பு’ என்று வைத்தால் குழப்பம் வரும், ‘பொரிவு’ என்றால் வராது.

> ‘வெடிப்பு’ இன்னும் எளிது. கடுகு வெடிக்கிறது என்று எல்லோரும் சொல்கிறோமே.

கடுகு வெடித்துத் துள்ளி வெளியே தெறிக்கும். காபிக் கொட்டை தெறிப்பதில்லை, முழுசாக இருந்தபடியே ஊதிப் பெருக்கிறது. உள்ளே நடப்பதைப் பார்த்தால் இது தெளிவாகும். பச்சைக் கொட்டையில் சுமார் 10 முதல் 12 விழுக்காடு ஈரம் இருக்கிறது. சூடேற ஏற அந்த ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்துகிறது. தாங்காத கட்டத்தில் கொட்டையின் உட்சுவர்கள் இடம் கொடுக்க, சத்தம் கேட்கிறது, கொட்டை பெருக்கிறது, நடுக்கோடு திறக்கிறது, ஒட்டியிருந்த மெல்லிய தோல் உமி போலப் பறக்கிறது. சோளப்பொரியிலும் வேலை செய்வது இதே ஆவிதான். சூடு, சத்தம், உப்பல், பிளவு நான்கையும் சேர்த்துச் சொல்லும் தமிழ்ச் சொல் எனக்குத் தெரிந்து பொரிவு ஒன்றுதான். பட்டை பிளந்து சொரசொரத்த மரத்தைச் சங்கப் பாடல்கள் ‘பொரியரை’ என்பதையும் நினைத்துப் பாருங்கள். அதோடு ‘வெடிப்பு’ ஏற்கெனவே குதிகாலிலும் வயலிலும் குண்டிலும் மாட்டிக்கொண்ட சொல். ‘விரிசல்’ சுவரில் விடுவது, அதில் சத்தமே இல்லை.

சத்தம் இல்லாத சொல் இங்கே உதவாது. எந்திரத்துக்கு எந்திரம் வெப்பமானி பொருத்திய இடம் மாறுவதால் அது காட்டும் டிகிரியும் கொஞ்சம் மாறும். ஆகவே வறுப்பவர்கள் காதையும் சேர்த்தே நம்புகிறார்கள். அந்தச் சத்தத்திலிருந்து எத்தனை நொடியில் இறக்குகிறோம் என்பதில்தான் சுவை இருக்கிறது. சீக்கிரம் இறக்கினால் பழப் புளிப்பு தங்கும், தாமதித்தால் கசப்பு ஏறும். அன்றைக்கு அவர் ஒன்றே முக்கால் நிமிடத்தில் கதவைத் திறந்துவிட்டார். பழுப்புக் கொட்டை தட்டில் கொட்டி, துடுப்புகள் சுழன்று ஆற்றும்போதும் ஒன்றிரண்டு பொரிந்துகொண்டுதான் இருந்தன.

வினையாகவும் இது தடையில்லாமல் வருகிறது: பொரியத் தொடங்கியதும், பொரிந்து அடங்கியபின். ‘விரிசல் விடத் தொடங்கியதும்’ என்று வறுக்கிற இடத்தில் யாரும் பேசப்போவதில்லை.

அடுத்தது, சுமார் 224 டிகிரியில் வரும் இரண்டாவது சத்தம். அங்கே காரணம் கரியமில வாயுவின் அழுத்தமும் கொட்டையின் சுவர்கள் நொறுங்குவதும். ஒலியும் சன்னமானது, சுள்ளி எரிவது போல. எண்ணெய் மேலே கசிந்து மினுங்கும். கறாராகப் பார்த்தால் அதற்கு வேறு சொல் வேண்டும். ஆனாலும் ‘முதற்பொரிவு முடிந்து இரண்டாம் பொரிவுக்கு முன்னால் இறக்கு’ என்று ஒரே மூச்சில் சொல்ல முடிவதை நான் பெரிதாக நினைக்கிறேன். இதில் மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

(காபியா, குளம்பியா என்ற பழைய வழக்கை இந்த இழையில் திறக்க வேண்டாம். இங்கே காபி, இலங்கையில் கோப்பி, இரண்டும் வேரூன்றிவிட்டன. ‘லைட் ரோஸ்ட்’டுக்கு, அதாவது குறைவாக வறுப்பதற்கு, ‘இளவறுப்பு’ எனக்குப் பிடித்திருக்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.)

ஒரு அவசரமும் இருக்கிறது. புதிய பொட்டலத்தில் வறுத்த விவரத்தைத் தமிழிலும் அச்சடிக்கக் கடைக்காரர்கள் தயார். ‘இளவறுப்பு. முதற்பொரிவு தொடங்கி 105 நொடியில் இறக்கியது’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள்.