வேலணை வீட்டார் (பாரிஸ்) குழு: ஒற்றைச் சில்லில் நின்று ஆடுவது

ஞாயிறு, மாலை

நிலானி: [வீடியோ]

நிலானி: எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்கு என் மின்சார ஒற்றைச் சில்லில் நின்றபடி லூர்க் கால்வாய்ப் பாதையில் பொபினியிலிருந்து பந்தன் வரை வந்தேன். வீடியோ எடுத்தது ஆரணி.

பெரியம்மா: ஹெல்மெற் போட்டிருக்கிறாய், நல்லது பிள்ளை. கையில் ஒன்றையும் காணவில்லையே?

ஆரணி: மணிக்கட்டுக் காப்பு போட்டிருக்கிறாள் பெரியம்மா. கறுப்பு நிறம், சட்டைக் கைக்குள் மறைந்துவிட்டது.

நிலானி: நிரு அண்ணா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நேராகப் போகிறேன், வளைக்கிறேன், பிறேக்கும் பிடிக்கிறேன். ஆனால் முன்னால் யாராவது குழந்தை வண்டியோடு வந்தால் உடனே காலை ஊன்றி இறங்க வேண்டியிருக்கிறது. நீங்கள் மட்டும் இறங்காமல் அதே இடத்தில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நிற்கிறீர்களே, அதை எப்படிப் பழகினீர்கள்?

நிரோஜன்: ஒரு காலில் ஆட்டிப் பார்த்தாயா?

நிலானி: இல்லை. ஏறத் தெரிந்ததும் நேரே ஓடத் தொடங்கிவிட்டேன்.

நிரோஜன்: அப்படியென்றால் அங்கிருந்து தொடங்கு. வலது கால் பெடலில், அதாவது பாதம் வைக்கும் தட்டில்; இடது கால் நிலத்தில். சில்லின் பக்கத்தில் இருக்கும் மெத்தையைக் கெண்டைக்காலின் உட்பக்கத்தோடு அணைத்துப் பிடி. பெடலில் இருக்கும் காலின் முன்பாதத்தை அழுத்தினால் சில்லு முன்னுக்குப் போகும். குதிக்காலை அழுத்தினால் பின்னுக்கு வரும். ஒரு சாண் முன்னுக்கு, ஒரு சாண் பின்னுக்கு. பாரம் நிலத்தில் உள்ள காலிலேயே இருக்கட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெடல் காலுக்கு மாற்று. கடைசியில் நிலத்துக் கால் சும்மா தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். இரண்டு காலுக்கும் மாற்றி மாற்றிச் செய்.

நிரோஜன்: இதைச் சின்னப் பயிற்சி என்று விட்டுவிடாதே. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உருளும் என்று பாதத்துக்குத் தெரிவது இதில்தான்.

சிவா சித்தப்பா: தம்பி, எனக்கு ஒரு கேள்வி. அந்த மெசின் தானே சமநிலை பிடிக்கிறது என்கிறாய். பிறகு ஏன் ஆட வேண்டும்? அப்படியே அசையாமல் நிற்க ஏலாதா?

நிரோஜன்: நல்ல கேள்வி சித்தப்பா. அது பிடிப்பது முன்-பின் சமநிலையை மட்டும்தான். உள்ளே ஜைரோவும் முடுக்கமானியும் இருக்கின்றன. பெடல் எந்தப் பக்கம் சரிகிறது என்பதை அவை ஒரு விநாடிக்குள் எத்தனையோ தடவை அளந்துகொண்டே இருக்கும். முன்னுக்குச் சரிந்தால் மோட்டர் சில்லை முன்னுக்குத் தள்ளிப் பெடலை மட்டத்துக்குக் கொண்டுவரும். பின்னுக்கும் அப்படித்தான். இடம்-வலம் சரிவதற்கு அதில் ஒன்றுமே இல்லை, அது முழுக்க ஓடுகிறவர் பொறுப்பு.

சிவா சித்தப்பா: சைக்கிளும் அப்படித்தானே.

நிரோஜன்: ஓம். சைக்கிளில் இடப்பக்கம் விழப்போனால் கான்டிலை இடப்பக்கம் திருப்புகிறோம், சில்லு எங்களுக்குக் கீழே வந்துவிடும். அதற்குச் சில்லு உருள வேண்டும். அசையாமல் நின்றால் எவ்வளவு திருப்பினாலும் அது எங்களுக்குக் கீழே வராது. ஆடுவது அதற்காகத்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் சில்லைத் திரும்பவும் இடுப்புக்குக் கீழே வைக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது.

சிவா சித்தப்பா: இப்போது விளங்குகிறது. அப்படியென்றால் திசை மாறும் நொடியில் வேகம் பூச்சியம். அதுதான் ஆபத்தான இடம்.

நிரோஜன்: அதேதான்! லிஃப்ற் திருத்துகிற ஆளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த இடத்தில் தயங்காமல் கெதியாகத் திரும்பிவிட வேண்டும். மெதுவாக ஆடுவது லேசு என்று எல்லாரும் நினைப்பார்கள். ஆனால் மெதுவாக ஆடினால் வேகம் இல்லாத நேரம்தான் கூடும்.

ஆரணி: நான் பாடசாலைச் சர்க்கஸ் வகுப்பில் பழகிய, பெடல் மிதித்து ஓட்டும் ஒற்றைச் சில்லிலும் இது உண்டு. ஆனால் அதில் ஒரு பெடல் கீழே இருக்கும், அந்தக் காலில் கொஞ்சப் பாரம், மிச்சம் இருக்கையில். அந்தக் கால்தான் அரை வட்டம் முன்னுக்கும் அரை வட்டம் பின்னுக்கும் ஆட்டும். மேலே இருக்கும் கால் சும்மா அதோடு சேர்ந்து போகும். இதில் இரண்டு பாதமும் ஒரே உயரத்தில் இருக்கிறது, இருக்கையும் இல்லை. நிலானியின் சில்லில் ஏறியபோது எங்கே பாரத்தை வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

நிரோஜன்: ஓம், இதில் இரண்டு பாதத்துக்கும் பாரம் சமம். முழங்கால் கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும்.

நிலானி: அண்ணா, ஒரு காலில் ஆட்டுவது வருகிறது. இப்போது வீட்டு நடையில் நின்று செய்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே பார்க்கிறார், போதும் 🙂

பெரியம்மா: வீட்டுக்குள் வேண்டாம் மோனை, கண்ணாடி அலுமாரி இருக்கிறது.

நிரோஜன்: சரி, அடுத்தது வெளியில். ஞாயிறு காலை மூடியிருக்கும் கடைப் பார்க்கிங்கில் தள்ளுவண்டி நிறுத்தும் கம்பி இருக்குமே, அந்தப் பக்கம் போ. இரண்டு காலும் பெடலில். கம்பியைப் பிடிக்காதே, உள்ளங்கையை அதன் மேல் வை. பிடித்தால் உடம்பு அதில் சாய்ந்துவிடும், கையை எடுத்த உடனே விழுவாய். முதலில் பெரிய ஆட்டமாக, அரை மீற்றர் அளவில் ஆடு. கை வந்த பிறகு சுருக்கலாம்.

நிரோஜன்: தலை அசையக் கூடாது. இதுதான் முழு விசயமும். முன்னுக்குப் போக நெஞ்சைச் சாய்க்காதே, அது ஓடுவதற்கு. ஆடும்போது தலையும் தோளும் ஒரே இடத்தில் நிற்க, காலும் சில்லும் மட்டும் கீழே மணிக்கூட்டு ஊசல் போல முன்பின் போக வேண்டும். வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் சுவரோடு நின்று உன் நிழலைப் பார். தலையின் நிழல் ஒரே செங்கல்லில் நிற்கிறதா, இல்லை நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

நிலானி: இதை நான் செய்து பார்க்கிறேன்.

நிரோஜன்: உன் வி8 சில்லின் ரயரில் காற்று எப்படி?

நிலானி: வாங்கியபோது இருந்ததுதான். கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது.

நிரோஜன்: கொஞ்சம் இறுக்கமாக அடி. ரயர் தளர்ந்திருந்தால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், நின்ற இடத்தில் திருப்புவது கஷ்டம். சில்லின் போன் செயலியில் பெடல் இறுக்கத்தையும் கூட்டு. மெத்தென்று விட்டால் பாதம் நிறையச் சரிந்த பிறகுதான் சில்லு பதில் சொல்லும். பழகுவதற்கு உன்னுடையது வசதி, 16 அங்குலம், கிட்டத்தட்ட 14 கிலோ. என்னுடைய எஸ்18 சில்லு அதைவிடப் 10 கிலோவுக்கு மேல் கூட. அதைத் திருப்பும்போது இடுப்பு நன்றாக வேலை செய்ய வேண்டும்.

பெரியம்மா: பொலிஸ் பிடிக்காதா? தெருவில் எல்லாரும் ஓடுகிறார்கள், சட்டம் என்ன?

நிரோஜன்: 2019-இல் சட்டம் வந்துவிட்டது பெரியம்மா. மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாது. சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் போக வேண்டும். நடைபாதையில் ஓடினால் 135 யூரோ. காப்புறுதி கட்டாயம். 2023-இல் இருந்து 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட முடியாது. இருட்டினால் ஒளி தெறிக்கும் சட்டை போட வேண்டும்.

சிவா சித்தப்பா: காப்புறுதி எடுத்தாயா நிலானி?

நிலானி: எடுத்துவிட்டேன் சித்தப்பா. கடிதம் கைப்பைக்குள்ளேயே இருக்கிறது.

சனி, மாலை

நிலானி: [வீடியோ]

நிலானி: கம்பி இல்லாமல் மூன்று நான்கு ஆட்டம் வருகிறது. முன்னுக்குப் போகும்போது பயமில்லை. பின்னுக்கு வரும்போது எப்போதும் இடப்பக்கம் சரிந்து இறங்கிவிடுகிறேன். அதே மாதிரித்தானே திருப்புகிறேன்?

நிரோஜன்: அங்கேதான் சிக்கல். முன்னுக்குப் போகும்போது இடப்பக்கம் சரிந்தால் சில்லின் முன்பக்கத்தை இடத்துக்குத் திருப்ப வேண்டும். பின்னுக்கு வரும்போது இடப்பக்கம் சரிந்தால் முன்பக்கம் வலத்துக்குப் போக வேண்டும், அப்போதுதான் பின்பக்கம் இடத்துக்கு வந்து உன்னைத் தாங்கும். நீ இரண்டுக்கும் ஒரே பக்கம் திருப்புகிறாய், வீடியோவில் வடிவாகத் தெரிகிறது. 9-ஆவது நொடியைப் பார்.

சிவா சித்தப்பா: பார்த்தேன். சில்லு அவளை விட்டு விலகிப் போகிறது.

ஆரணி: பெடல் சில்லிலும் இதே சிக்கல்தான். எங்கள் ஆசிரியர் பின்னுக்கு மட்டும் தனியாக ஓடப் பழக்கினார். சுவரோடு சேர்ந்து பின்னுக்கே நாலு மீற்றர் போய் நிற்பது.

நிரோஜன்: சரியாகச் சொன்னாய். அதையும் செய் நிலானி, ஆட்டத்துக்கு நடுவில். பின்னுக்கு உருள்வது உடம்புக்குப் பழகினால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று யோசிக்கத் தேவையில்லை. போகும் முன் தலையைத் திருப்பிப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார். இன்னொன்று, பின்னுக்கு வரும்போது நீ குனிந்து பெடலைப் பார்க்கிறாய். இடுப்பு மடிகிறது, உடனே பாரம் முன்பாதத்துக்குப் போகிறது. தூரத்தில் ஒரு மரத்தைப் பார்.

நிலானி: ஓம், குனிகிறேன். ஓடிக்கொண்டு வந்து அப்படியே ஆட்டத்துக்கு மாறுவது எப்படி?

நிரோஜன்: நடை வேகத்துக்கு வா. குதிக்காலை அழுத்தி நிறுத்து, ஆனால் நின்ற இடத்தில் விட்டுவிடாமல் தொடர்ந்து அழுத்து, சில்லு அரை மீற்றர் பின்னுக்கு வரும். வந்ததும் முன்பாதம். அந்த ஒரு ஆட்டம் வந்தாலே போதும், குழந்தை வண்டி கடந்து போய்விடும், நீ திரும்பவும் ஓடலாம். ஆனால் வாகனங்களுக்கு நடுவே சிவப்பு லைற்றில் நிற்கும்போது காலை ஊன்று. எனக்கு ஆட வரும், இருந்தாலும் பஸ் பக்கத்தில் நின்றால் நான் இறங்கித்தான் நிற்பேன்.

பெரியம்மா: அதைக் கேட்க நிம்மதியாக இருக்கிறது தம்பி.

நிலானி: நாளைக்கு 9 மணிக்குப் பார்க்கிங்கில் நிற்பேன். வருகிறீர்களா அண்ணா?

நிரோஜன்: வருகிறேன். பம்பும் கொண்டுவருகிறேன்.

சிவா சித்தப்பா: நானும் வரலாமா? ஒரு காலில் ஆட்டுவதை மட்டும் செய்து பார்க்க ஆசையாக இருக்கிறது.

நிலானி: கட்டாயம் வாருங்கள் சித்தப்பா. என்னுடைய சில்லைத் தருகிறேன்.

நிரோஜன்: அடி தட்டையான, கணுக்காலை மூடுகிற சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள் சித்தப்பா. முழங்கால் காப்பு என்னிடம் இன்னொரு சோடி இருக்கிறது.