மலைகளின் பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா?

அன்பான ஊர் உறவுகளுக்கு,

மாசியில் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துப் பார்க்க வேண்டுமென்று ஐந்து வருடமாக நினைத்தது இந்த முறைதான் கூடி வந்தது. இலங்கை மலையகத்து மஸ்கெலியாவில் இறங்கினால் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நன்றாக வற்றிக் கிடந்தது. 1969இல் தண்ணீருக்குள் போன பழைய டவுனின் கோயில் சேற்றுக்கு மேலே எழும்பி நின்றது. அப்பாயிக்குக் கல்யாணச் சேலை எடுத்தது அந்த டவுனில்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ராத்திரியில் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) முற்றத்துக்கு வந்தால் சிவனொளிபாதமலையின் விளக்கு வரிசை உச்சி வரைக்கும் தெரிகிறது. டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும்தான் அந்த வெளிச்சம். மலையிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் இன்னும் பல்லைக் கூச வைக்கிறது. காமனை எரித்த இரவு, ரதி வேஷம் கட்டிய பையன் அழத் தொடங்கியதும் தப்பு மேளச் சத்தம் நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த பொம்பளைகள் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது.

சரி, நான் எழுத வந்தது வேறு. மறுநாள் சித்தப்பாவோடு மேலே நடந்தேன். தோட்டத்தில் தேயிலைத் துண்டு ஒவ்வொன்றையும் மலை என்றுதானே சொல்வோம். பழைய கங்காணி அல்லவா, கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார்: மாடசாமி மலை, சவுக்கு மலை, ரெட்டைப்பீலி மலை. ஒன்பதாம் நம்பர் மலைக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இது ஏணைமரத்து மலை தம்பி. பிள்ளைங்களப் பாத்துக்குற பிள்ளைக் காம்பரா வர்றதுக்கு முன்னாடி, கொழுந்து எடுக்க வர்றவங்க இங்கதான் சேலையில ஏணை கட்டிப் பிள்ளையப் போடுவாங்க. எங்கம்மா என்னைய இங்கதான் போட்டுச்சு."

மரம் இப்போது இல்லை. தேயிலையும் இல்லை, ஆள் உயரத்துக்கு மானாப்புல். வழியில் வந்த பையன்களிடம் கேட்டேன், "காட்டுப் பக்கம்" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை நடந்தால்தானே காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அந்தப் பெயரைச் சொல்வார்கள்! தோட்டத்துப் புத்தகத்தில் இருப்பது நம்பர் மட்டும். நம் லயத்தில் யார் கையிலும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. அந்த மலைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் மட்டும் நம் ஆட்கள்தான்.

ஆகவே ஒரு வேலை செய்வோம். தெரிந்த பெயரையும், அந்தப் பெயர் வந்த கதையையும் எழுதி அனுப்புங்கள். முக்கியமாகக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிறவர்கள். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் நம் தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் பாதி லயம் காலியானது. அந்தப் பக்கத்துப் பழைய பெயர்கள் இப்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கின்றன. போனில் பதிவு செய்து அனுப்பினாலும் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.

சித்தப்பாவும் நானும் இதுவரை 11 பெயர் சேர்த்திருக்கிறோம். மேல்கணக்கில் ஆற்றைத் தாண்டினதும், யானை படுத்த மாதிரி ஒரு பாறை கிடக்குமே, அந்த மலைக்கு என்ன பெயர்?

அன்புடன்,
கீழ்க்கணக்குப் பிள்ளை