மாசி மகப் படங்கள் பாதிதான் ஏறுகின்றன – வேர்ட்பிரஸ் தெரிந்தவர்கள் உதவவும்

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் பற்றிச் சொந்தமாக ஒரு வேர்ட்பிரஸ் தளம் வைத்திருக்கிறேன். படம் ஏற்றுவதில் இரண்டு சிக்கல்.

தேவனாம்பட்டினம் மாசி மகப் படங்களைப் போனிலிருந்து நேராக ஏற்றினால், சில மட்டும் நூறு சதவீதம் வரை ஓடிவிட்டு நிற்கின்றன. சர்வரால் படத்தைக் கையாள முடியவில்லை, 2560 பிக்சலுக்குள் இருந்தால் நல்லது என்கிற மாதிரி ஒரு செய்தி வருகிறது. அதே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுத்துப் போட்டால் ஏறிவிடுகிறது, ஆனால் தெளிவு போய்விடுகிறது. படம் 9 எம்பிதான். தளத்தில் வரம்பு 64 எம்பி என்று இருக்கிறது.

அடுத்தது, பாடலீஸ்வரர் கோயில் படங்களைப் பழைய மேக்கிலிருந்து எஃப்டிபியில் (கோப்புகளை நேராகச் சர்வருக்கு அனுப்பும் முறை) போட்டு, லிங்கைக் கையால் தட்டினேன். ‘தேர்’, ‘குளம்’ தெரிகின்றன. ‘கோபுரம்’, ‘கொடிமரம்’ இரண்டும் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்கிறது. கோப்பு சர்வரில் கண்ணெதிரே இருக்கிறது!

வில்லியனூரான்:
கடைசியில் வரும் ஜேபிஜி பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? லினக்ஸ் சர்வருக்கு அவை வேறு வேறு.

கெடிலக்கரை:
அதைப் பார்த்துவிட்டேன் நண்பரே, நான்கும் சின்ன எழுத்துதான்.

உப்பளம்:
முதல் சிக்கலுக்குச் சொல்கிறேன். 64 எம்பி என்பது கோப்பு உள்ளே வருவதற்கான வரம்பு. வந்த பிறகு வேர்ட்பிரஸ் அதைத் திறந்து பல அளவுகளில் நகல் எடுக்கும், அங்கேதான் மூச்சு முட்டுகிறது. ஜேபிஜி மடித்து வைத்த புடவை மாதிரி, விரித்தால்தான் நீளம் தெரியும். 8000 × 6000 படம், அதாவது 48 மெகாபிக்சல் என்றால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 192 எம்பி நினைவகம் வேண்டும். வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஎச்பியின் இயல்பு வரம்போ 128 எம்பி. வாட்ஸ்அப் பிக்சலைக் குறைத்துவிடுவதால் அந்தப் படம் தப்பிக்கிறது.

2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸே பெரிய படத்தை 2560க்குச் சுருக்கும். ஆனால் சுருக்கவும் முதலில் திறந்தாக வேண்டுமே! கேமராவை 12 மெகாபிக்சலுக்கு மாற்றுங்கள், 48 எம்பியில் வேலை முடியும். எடுத்து வைத்த படங்களைப் போனிலேயே சுருக்கி ஏற்றுங்கள். ஐபோன் என்றால் கேமரா ஃபார்மட்டில் ‘மோஸ்ட் கம்பேட்டிபிள்’ வைத்துவிடுங்கள், ஜேபிஜிக்குப் பதில் ஐபோன் சேமிக்கும் ஹெச்இஐசி வகைக் கோப்பின் தொல்லை இருக்காது.

அரிக்கமேடு:
இரண்டாவது சிக்கல் தமிழுக்கே உரியது. தெரியாத பெயர்களைப் பாருங்கள்: கோ, கொ. யூனிகோடில் ‘ோ’ ஒரே குறியாகவும் இருக்கலாம், ‘ே’யும் ‘ா’வும் சேர்ந்த இரண்டு குறியாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒரே கோபுரம்தான். பழைய மேக் கோப்புப் பெயரைப் பிரித்தே வைக்கும், எஃப்டிபியில் அப்படியே போய்விடும். நீங்கள் கையால் தட்டியது சேர்ந்த குறி. சர்வர் பைட் பைட்டாக ஒப்பிட்டு ‘இல்லை’ என்கிறது. ‘தேர்’, ‘குளம்’ இரண்டிலும் பிரிய எதுவும் இல்லை. ‘ௌ’வுக்கும் இதே கதி.

பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிவிடுங்கள். தமிழை ஆல்ட் டெக்ஸ்டிலும் (படம் தெரியாதபோது அதற்குப் பதில் வரும் எழுத்து) படவிளக்கத்திலும் எழுதுங்கள், தேடுபவர்களுக்கு அதுதான் உதவும்.

வில்லியனூரான்:
ஆமாம், பகிரவும் அதுதான் வசதி. லிங்கில் தமிழ் எழுத்துகள் %E0 மாதிரி சதவீதக் குறிகளாக மாறிவிடும். அந்தக் கோயில் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர் என்ற ஒரு சொல்லே அப்படி மாறினால் லிங்கில் 198 எழுத்து பிடிக்கும். வாட்ஸ்அப்பில் வந்தால் ஏதோ வைரஸ் என்று நினைத்து யாரும் தொட மாட்டார்கள்.

கெடிலக்கரை:
12 மெகாபிக்சலில் எல்லாம் ஏறுகிறது. கோபுரத்துக்கும் பெயர் மாற்றினேன், வந்துவிட்டது. நன்றி! ஆனால் பழைய பதிவுகளில் இப்படி நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றாகவா மாற்றுவது?

அரிக்கமேடு:
வேண்டாம். எஸ்எஸ்ஹெச் வசதி (சர்வரில் நேராகக் கட்டளை கொடுக்கும் வழி) இருந்தால் ‘கன்வ்எம்வி’ என்ற கருவியில் என்எஃப்சி (சேர்ந்த குறி வடிவம்) தெரிவைக் கொடுத்து, படங்கள் இருக்கும் ஃபோல்டர் மேல் ஓட்டுங்கள். பிரிந்த குறிகளைச் சேர்த்துவிடும், லிங்குகளைத் தொட வேண்டியதில்லை. முதலில் பேக்கப். சும்மா ஓட்டினால் எவை மாறும் என்று மட்டும் காட்டும், ‘நோடெஸ்ட்’ சேர்த்தால்தான் உண்மையில் மாற்றும்.