பிலிம் கிளப்பில் பெர்க்மனின் ‘கோடை இரவின் புன்னகைகள்’: பார்த்தவர்களின் அனுபவங்கள்

தெற்கு ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்து:

ஸ்வீடன் பிலிம் கிளப்புகளில் சீசனுக்கு ஒரு அட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் வரிசையாகப் படங்கள். எங்கள் ஊர் கிளப்பில் நவம்பரில், நாலு மணிக்கே இருட்டிவிடும் நாளொன்றில், இந்தப் படத்தைப் போட்டார்கள். ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மன் என்றால் மரணமும் கடவுளின் மௌனமும்தான் என்று ஒதுங்கி நிற்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 1955-இல் வந்த படம், முழுக்கக் காதல் கூத்து.

கதை 1900-ஐ ஒட்டி நடக்கிறது. நடுவயது வக்கீல் ஃப்ரெட்ரிக். அவருடைய இளம் மனைவி ஆன் கல்யாணமாகியும் இன்னும் கன்னி. முதல் தாரத்து மகன் ஹென்ரிக், இறையியல் படித்துக்கொண்டே சித்தியிடம் மனதைப் பறிகொடுத்துத் தவிக்கிறான். வக்கீலோ தூக்கத்தில் பழைய காதலியான நடிகை தேசிரேயின் பெயரை உளறுகிறார். தேசிரேவுக்கு இப்போது ஒரு பிரபு தொடர்பு. அந்தப் பிரபுவுக்கு ஷார்லட் என்று ஒரு மனைவி. அத்தனை பேரையும் தேசிரே தன் அம்மாவின் மாளிகைக்கு விருந்துக்கு வரவழைக்கிறாள். படத்தில் வரும் மாளிகை எங்கள் ஸ்கோனே மாகாணத்தின் யோர்ட்பெர்யா. அது திரையில் தெரிந்ததும் பின்வரிசையில் யாரோ பெயரைச் சொல்ல, அரங்கு முழுக்க ஒரு சலசலப்பு.

வயதானவர்கள் பலருக்கு வசனமே மனப்பாடம். மனைவியை யாராவது நெருங்கினால் பொறுத்துக்கொள்வேன், காதலியைத் தொட்டால் புலியாகிவிடுவேன் என்கிறார் பிரபு. பிறகு அதையே அப்படியே தலைகீழாகச் சொல்லுவார். இரண்டாம் தடவை அவர் வாய் திறக்கும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது! ஹென்ரிக் தூக்குப் போட முயன்று தடுமாறி விழ, சுவர் திறந்து, பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த ஆன் கட்டிலோடு அவன் அறைக்குள் வருகிறாள். ஒரு பொம்மை தேவதை எக்காளம் ஊதுகிறது. எல்லோரும் கைதட்டினோம்.

அதே அரங்கு, ஷார்லட் ஆனிடம் பேசும் காட்சியில் அடங்கிப்போயிருந்தது. ஆண்களைத் திட்டிச் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிக்கிறாள். குன்னார் ஃபிஷரின் கேமரா அவள் முகத்தை நெருங்கி நிற்கிறது. சிரிப்பு உடைந்து அழுகையாகிறது. புருஷனின் யோக்கியதை முழுக்கத் தெரியும், ஆனாலும் அவனைத்தான் நேசிக்கிறாள். இந்த நகைச்சுவை மனதில் தங்குவதற்கு அந்த அழுகைதான் காரணம் என்பேன். ஷார்லட்டாக நடித்த மார்கித் கார்ல்க்விஸ்டின் பெயரை விமர்சனங்களில் அதிகம் காணோம் என்பது எனக்கு வருத்தம்.

முடிந்ததும் காபியோடு பேச உட்கார்ந்தோம். 1956 கான் திரைப்பட விழாவில் ‘கவித்துவ நகைச்சுவை’ என்று ஒரு பரிசு கொடுத்தார்கள் இந்தப் படத்துக்கு. அதற்குப் பிறகுதான், முன்பு தயங்கிய தயாரிப்பு நிறுவனம் பெர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’ படத்துக்குச் சம்மதித்தது. அதே விழாவில்தான் சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’க்கும் பரிசு என்று நான் சொன்னேன். உடனே ஒரு பெரியவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் படத்தில் அக்கா துர்காவும் தம்பி அப்புவும் ரயில் பார்க்க ஓடுவதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அவர் கையில் இருந்த காபி ஆறிப்போனது.

ஸ்டாக்ஹோமிலிருந்து:

நானும் என் மனைவியும் இங்குள்ள ஃபில்ம்ஹூசெட் திரைப்பட மையத்தில் பார்த்தோம். லுண்ட் அண்ணன் மேலே சொன்ன கட்டில் காட்சிக்கு அங்கேயும் கைதட்டல்தான். ஆனால் என்னால் வக்கீலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மனைவியும் மகனும் சேர்ந்து வண்டியேறிப் போவதை இருட்டில் நின்று பார்க்கிறார். அவளுடைய முக்காட்டுத் துணி கீழே விழுகிறது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார். வக்கீலாக நடிக்கும் குன்னார் பியோர்ன்ஸ்ட்ராண்ட் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஒரே இரவில் இரண்டு பேரையும் இழந்த மனிதரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது?

என் மனைவி இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. “மகள் வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பொம்மை மாதிரி போட்டோ எடுத்து அடுக்கி வைத்தவர்தானே? அவள் போனதுதான் சரி” என்றாள். மெட்ரோவில் வீடு வந்து சேரும்வரை இதே வாக்குவாதம். முதல் காட்சியில் அவர் ஆனின் புகைப்படங்களை மேசையில் பரப்பி ரசிப்பதை நினைத்தால் அவள் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. தன்னைத்தானே சுட்டுக்கொள்ளும் பந்தயத்தில் பிரபு கொடுத்த துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் கரிதான் இருந்தது என்பதும், முகமெல்லாம் கரியோடு அவர் தேசிரேயிடம் போய்ச் சேர்வதும் அவருக்குத் தேவையான தண்டனை என்பது அவள் கட்சி. ஈவா டால்பெக்கின் தேசிரேதான் படத்தின் ஒரே பெரிய மனுஷி என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

கோத்தன்பர்கிலிருந்து:

வேலைக்காரி பெத்ராவை யாருமே சொல்லவில்லையே! ஹாரியட் ஆண்டர்சன் வரும் இடமெல்லாம் படத்துக்கு உயிர் வருகிறது. கடைசியில் குதிரைக்காரன் ஃப்ரிட் அவளிடம் கோடை இரவின் மூன்று புன்னகைகளைச் சொல்வான். முதலாவது இளம் காதலர்களுக்கு. இரண்டாவது கோமாளிகளுக்கும் திருந்தாதவர்களுக்கும். மூன்றாவது, துக்கத்திலும் தனிமையிலும் தூக்கம் வராமல் கிடப்பவர்களுக்கு. ஷார்லட்டும் வக்கீலும் அந்த மூன்றாவதில் அடக்கம் என்று நினைக்கிறேன், அதனால் மேலே இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே படுகிறது.

லுண்ட் கிளப்பில் மறுபடி போட்டால் இங்கே சொல்லுங்கள் அண்ணா, ரயிலேறி வந்துவிடுகிறேன்.