வெப்அசெம்பிளி நிரலுக்குள் தராசின் எடை வரவில்லை: உதவுங்கள்

கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் என் மாமாவுக்காக, மின்னணுத் தராசின் எடையைப் பதிவுசெய்யும் நிரலை ரஸ்ட் மொழியில் எழுதி, வெவ்வேறு வகைக் கணினிகளில் ஓடக்கூடிய வெப்அசெம்பிளி வடிவத்தில் தொகுத்திருக்கிறேன். உலாவி இல்லை; ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினியில், 64 பிட் லினக்ஸில், வெப்அசெம்பிளியை உலாவிக்கு வெளியே இயக்கும் வாஸ்ம்டைம் வழியாக ஓடுகிறது. மடிக்கணினியில் தொகுத்த கோப்பு அப்படியே ராஸ்பெரி பையிலும் ஓடுவதால்தான் இந்த வழியைப் பிடித்தேன், விட மனமில்லை.

போன வாரம் தராசை இணைத்ததிலிருந்து சிக்கல். யூஎஸ்பி சீரியல் போர்ட் திறக்கிறது, பிழைச் செய்தி இல்லை, ஆனால் வரியைப் படிக்கும் இடத்திலேயே நிரல் உறைந்துவிடுகிறது. சீரியல் போர்ட்டில் வருவதைக் காட்டும் மினிகாம் நிரலில் 9600 வேகத்தில் எண்கள் ஒழுங்காக ஓடுகின்றன. சாதனங்கள் இருக்கும் டெவ் கோப்புறையை அணுக என் நிரலுக்கு அனுமதி கொடுத்துவிட்டேன். வெப்அசெம்பிளி நிரல் கோப்புகளையும் சாதனங்களையும் அணுகும் இடைமுகமான வாஸியில் போர்ட் வேகத்தை அமைக்க வழியில்லாததால் எஸ்டிடிஒய் கட்டளையால் முன்கூட்டியே அமைத்தேன். சேமித்த மாதிரிக் கோப்பைக் கொடுத்தால் நன்றாகவே படிக்கிறது. ஏலத்தில் கூடைகள் மளமளவென்று தராசில் ஏறும். ஓர் எடைகூடத் தவறக் கூடாது.

எடையை ஸ்டாண்டர்ட் இன்புட் (நிரலின் வழக்கமான உள்ளீட்டு வழி) வழியாக உள்ளே அனுப்பினால் போதுமா, அல்லது வாஸ்ம்டைமை ஒரு ரஸ்ட் நிரலில் பதித்து ஹோஸ்ட் ஃபங்ஷன் (வெப்அசெம்பிளி நிரல் அழைக்க வெளி நிரல் தரும் செயற்கூறு) எழுதத்தான் வேண்டுமா?