‘விகாரம்’ என்ற சொல்லை ஒருவருடைய முகத்துக்குச் சொல்லலாமா?

கேள்வி:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு மலருக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில் அடுப்புத் தீயில் சிக்கிப் பிழைத்து, பின்னாளில் ஊரே மதிக்கும் தையல் ஆசிரியையாக வாழ்ந்த ஒருவரைப் பற்றிய கட்டுரையில், ‘தீக்காயத்தால் முகம் விகாரமாகிவிட்டது’ என்றொரு வரி வருகிறது. இலக்கணத்தில் விகாரம் என்றால் மாற்றம்தானே, அந்தப் பொருளில்தான் எழுதினேன் என்கிறார் கட்டுரையாளர். அதில் பிழை காண முடியவில்லை. ஆனாலும் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனம் உறுத்துகிறது. விளக்கம் வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அம்மா, இலக்கணத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியே. வடமொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு இயல்பான நிலையிலிருந்து மாறுதல் என்பதே அடிப்படைப் பொருள். தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று புணர்ச்சி விகாரங்களை நன்னூல் கூறுகிறது. பொன்னும் குடமும் சேர்ந்து ‘பொற்குடம்’ ஆகும்போது னகரம் றகரமாகத் திரிவதை விகாரம் என்றே முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு மாணவரும் அச்சொல்லைக் கேட்டு முகம் சுளித்ததில்லை. மாறுதலற்ற பரம்பொருளைச் சமய நூல்கள் ‘நிர்விகாரம்’ என்பதும் இப்பொருளில்தான்.

மறுமொழி 2:
ஐயா கூறிய வேர்ப்பொருளை ஏற்கிறேன். ஆனால் மலரைப் படிப்பவர்கள் வழக்கிலுள்ள பொருளைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ‘பார்க்கவே விகாரமாக இருக்கிறது’ என்றால் காணச் சகிக்கவில்லை என்று பொருள். ‘சபையில் விகாரமாக நடந்துகொண்டான்’ என்றால் அவனுடைய நடத்தை அருவருப்பூட்டியது என்று பொருள். தோற்றத்துக்கும் நடத்தைக்கும் ஒரே சொல் வழங்குவதால், தகாததைச் செய்தவன்மேல் விழ வேண்டிய பழி, ஒரு தவறும் செய்யாத முகத்திலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘அலங்கோலம்’ இவ்வளவு கடுமையானதன்று; கலைந்த தலையையும் இழுத்துச் செருகிய சேலையையும் அப்படிச் சொல்கிறோம், சரிசெய்துகொண்டால் தீர்ந்துவிடும். ‘அவலட்சணம்’ அதைவிடக் கொடுமையானது, இருக்க வேண்டிய லட்சணமே இல்லை என்று சொல்லிவிடுகிறது. இவற்றில் எதையும் அந்த ஆசிரியைக்கு எழுத எனக்கு மனம் வராது. கண்ணுக்குத் தெரிவது தழும்பு. தழும்பு என்றே எழுதலாமே.

மறுமொழி 1:
ஒப்புக்கொள்கிறேன். எழுத்துகளுக்குப் பொருந்தும் சொல்லை மனிதருக்குப் பொருத்தும்போது நானும் யோசித்திருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மறுமொழிகளைக் கட்டுரையாளரிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், அந்த வரியை அடித்துவிட்டு, ‘இடக் கன்னத்திலிருந்து கழுத்துவரை தீத்தழும்பு இருந்தது, அந்தப் பக்கம் வெயில் படும்படி சன்னலோரம் அமர்ந்துதான் தைப்பார்’ என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.